அக்கவுண்டன்ட் ராமனும் மிருதங்கமும்

எங்கள் மிருதங்க வகுப்பில் ஒரு வங்கி அதிகாரி இருக்கிறார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. போன சனிக்கிழமை மாலை, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்குப் பூச வைத்திருந்த ரவையில் ஒரு சிட்டிகை எடுத்து வலப்பக்கமான வலந்தலையின் மேல் தூவினார். மோதிர விரலை நடுவில் உள்ள கரணையின் ஓரத்தில் பட்டும் படாமலும் வைத்து, ஆள்காட்டி விரலால் விளிம்பில் 'நம்' என்று தட்டினார். ரவை துள்ளிச் சிதறியது, அவ்வளவுதான். ஏழெட்டு முறை தட்டிய பிறகு, கறுத்த கரணையின் குறுக்கே, விரலிலிருந்து எதிர் விளிம்பு வரை, வெள்ளையாக ஒரு கோடு வந்து நின்றது. அந்தக் கோட்டில் மட்டும் தோல் அசையவில்லை. தோலின் இரு பாதிகளும் மாறி மாறி மேலும் கீழும் ஆடியிருக்கின்றன.

இதே சோதனையை மெல்லிய மணலைத் தூவிச் செய்து, நம் தோல் கருவிகளின் ரகசியத்தைக் கண்டு சொன்னவர் சி.வி.ராமன். 1928இல் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறலையும், அதற்காக 1930இல் வந்த நோபல் பரிசையும் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அதற்கு முன்பு, அரசு வேலையில் இருந்த பத்து ஆண்டுகள் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைத்தான் இன்று வேலையில் மூச்சு முட்டிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது.

1907இல், 18 வயதில், ராமன் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். அன்றைய இந்தியாவில் இயற்பியல் படித்தவர்களுக்கு ஆராய்ச்சி வேலை என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. நிதித்துறை வேலையோ நல்ல சம்பளமும் நிறையப் பொறுப்பும் உடையது. ஒருநாள் டிராமில் போகும்போது, பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் 'இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்' என்ற பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய நிறுவனம் அது. கருவிகள் இருந்தன, ஆய்வு செய்ய ஆள் இல்லை.

அதன் பிறகு அவருடைய நாள் எப்படிப் போனது என்பதை மனைவி லோகசுந்தரி அம்மாள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விடியற்காலை ஐந்தரைக்குக் கழகம். பத்து மணிக்குச் சற்று முன் வீட்டுக்கு வந்து குளித்து, அள்ளிப் போட்டுக்கொண்டு டாக்சியில் அலுவலகம். மாலை ஐந்துக்கு அலுவலகத்திலிருந்து நேரே கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. 1911இல் கல்கத்தாவுக்குத் திரும்பியதும் பழையபடி பௌபஜார்.

அப்பா வயலின் வாசிப்பவர், மனைவி வீணை வாசிப்பவர். ராமன் இசைக்கருவிகளின் பக்கம் போனதில் ஆச்சரியமில்லை. 1909இலேயே ஏக்தாரா பற்றி எழுதினார். பிறகு வயலின். 1917இல், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அரசு வேலையை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரான பிறகு, மிருதங்கம், தபலா, வீணை, தம்பூரா.

மிருதங்கத்தில் அவர் கண்டது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய எந்தத் தோலைத் தட்டினாலும் பல அதிர்வுகள் ஒரே சமயத்தில் எழும். முதல் அதிர்வெண்ணை 1 என்று வைத்துக்கொண்டால், அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும். அதனால் சத்தம் கேட்கும், சுருதி கேட்காது. கம்பியில் 1, 2, 3, 4 என்று ஒழுங்காக வரும், அதனால்தான் அது பாடுகிறது. வலந்தலையின் நடுவில் சோற்றோடு கரும்பொடியைப் பிசைந்து அப்பிய கரணை, தோலின் கனத்தை நடுவில் கூட்டி, தறிகெட்டு ஓடும் அதிர்வுகளை 1 முதல் 5 வரை வரிசையில் நிறுத்திவிடுகிறது. ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்தே அதிர்வெண்களில் வந்து அடங்குவதை ராமன் காட்டினார். முதல் குறிப்பு 1920இல் 'நேச்சர்' இதழில் வந்தது, விரிவான கட்டுரை 1934இல். இதை எந்தச் சமன்பாடும் இல்லாமல், ஒவ்வொரு பூச்சாகத் தேய்த்து, தட்டிக் காது கொடுத்துக் கேட்டே கண்டுபிடித்த நம் கைவினைஞர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

பகலெல்லாம் கணக்குப் பார்த்த மனிதருக்கு இரவில் எங்கிருந்து தெம்பு வந்தது? இதற்கு உளவியலில் இன்று ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. வேலைக் களைப்பு தீர நான்கு விஷயங்கள் உதவுகின்றன என்று ஜெர்மானிய ஆய்வாளர் சபீன் சோனன்டாக்கும் ஷார்லட் ஃப்ரிட்ஸும் 2007இல் எழுதினார்கள். வேலையை மனத்திலிருந்து இறக்கி வைப்பது, உடம்பைத் தளர விடுவது, புதிதாக ஒன்றைப் பயின்று தேறுவது, அந்த நேரம் முழுக்க நம் இஷ்டப்படி இருப்பது. சோபாவில் சாய்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டே இருந்தால் இவற்றில் இரண்டாவது கிடைக்கலாம். மற்ற மூன்றும் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம். அலுவலகக் குழுவின் செய்தியும் அதே போனில்தானே வந்து விழுகிறது!

பிரிட்டனின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். பொழுதுபோக்கைத் தீவிரமாகச் செய்வது, அது வேலையிலிருந்து மாறுபட்டிருக்கும்போது, வேலையிலும் தன்னம்பிக்கையைக் கூட்டுகிறது. வேலையைப் போலவே இருந்தால் குறைக்கிறது. நாள் முழுக்கக் கணினியில் நிரல் எழுதுபவர் இரவிலும் அதையே கையில் எடுத்தால் மனம் ஆறாது. பேரேட்டிலிருந்து வயலினுக்குப் போனவருக்கு ஆறியது.

துணையும் வேண்டும். ராமனுக்குக் கழகத்தில் அசுதோஷ் டே என்ற உதவியாளர் வாய்த்தார். பல்கலைக்கழகப் படிகளையே மிதிக்காதவர், தம் பெயரில் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதும் அளவுக்கு வளர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பாரின் குழுவினர், புதிதாகச் சேர்ந்த பாட்டு வகுப்புகளையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்துவிட்டது. பாட்டு வகுப்பில் மட்டும் முதல் மாதத்திலேயே வந்தது. சேர்ந்து தாளம் போடும்போது பெயர் தெரியாதவரும் சொந்தமாகிவிடுகிறார் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. அப்படிப்பட்டவர்களிடம் போய், ராமனைப் போல ஐந்தரைக்கே கிளம்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது சமநிலையும் அல்ல. அவருடைய அந்த வாழ்க்கையில் அடுப்பும் வீடும் லோகசுந்தரி அம்மாளின் தலையில் இருந்தன. அவரும் வீணை வாசித்தவர். அவருக்கென்று ஒரு பௌபஜார் இருந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் வகுப்பில் சேர விரும்பிய பெண்களில் பலர் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார்கள். காரணம் அலுவலக வேலை அல்ல, இரவுச் சமையல். வங்கி அதிகாரி நிற்கவில்லை. சனிக்கிழமை தோசை அவர் கணவர் பொறுப்பு. போன மாதம் முதல் வெள்ளிக்கிழமை மாவு அரைப்பதையும் அவரே எடுத்துக்கொண்டார். ரவையில் கோடு விழுந்த அன்று இவர் அதைப் படம் பிடித்து முதலில் அனுப்பியது அவருக்குத்தான்.