கணினிக்கு ஊர் சொல்லும் குறியீடு

03/04/2025 என்ற தேதி சென்னையில் ஏப்ரல் 3. நியூயார்க்கில் மார்ச் 4. 1,234 என்ற எண் இந்தியாவில் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு. ஜெர்மனியில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி என்பதால், அங்கே அது ஒன்றேகாலுக்கும் சற்றுக் குறைவு. எழுதியவரும் படிப்பவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தால் குழப்பமில்லை. இருவருக்கும் நடுவில் கணினி வந்துவிட்டால், எந்த ஊர் வழக்கத்தில் படிக்க வேண்டும், எந்த ஊர் வழக்கத்தில் காட்ட வேண்டும் என்று யாராவது அதற்குச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லும் விவரத் தொகுப்புக்கு மென்பொருள் துறையில் 'லோகேல்' என்று பெயர். தேதி, நேரம், எண், நாணயம், அகரவரிசை, கிழமை மாதப் பெயர்கள், வாரத்தின் முதல் நாள் எல்லாம் அதற்குள் அடங்கும்.

மொழியை மட்டும் சொன்னால் போதாது என்பதுதான் இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. தமிழே அதற்கு நல்ல சான்று. ஐஎஸ்ஓ 639 என்ற தரத்தில் தமிழின் குறி 'டிஏ'. ஐஎஸ்ஓ 3166 என்ற தரத்தில் நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறிகள் உண்டு. இரண்டையும் சேர்த்தால் இந்தியத் தமிழ் 'டிஏ-ஐஎன்' ஆகிறது. இலங்கைத் தமிழ் 'டிஏ-எல்கே', சிங்கப்பூர்த் தமிழ் 'டிஏ-எஸ்ஜி', மலேசியத் தமிழ் 'டிஏ-எம்ஒய்'. இணையத்தில் இந்தக் குறிகளை எப்படிக் கோக்க வேண்டும் என்பதற்குத் தனி விதி உண்டு. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5646 அதன் இன்றைய வடிவம்.

நான்கும் ஒரே எழுத்து, ஒரே மொழி. ஆனாலும் பன்னிரண்டு இலட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழை இந்தியத் தமிழர் 12,34,567 என்று எழுதுவார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது 1,234,567. இலட்சமும் கோடியும் எண்ணிப் பழகிய கண்ணுக்கு ஒரு பிரிப்பு, மில்லியன் பழகிய கண்ணுக்கு வேறு பிரிப்பு. நாட்காட்டியில் வாரம் இந்தியாவில் ஞாயிறன்றும் இலங்கையில் திங்களன்றும் தொடங்குகிறது. இவற்றில் எதுவும் தவறில்லை. எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பது தரப்படுத்தலின் நோக்கமும் இல்லை. வேறுபாடுகளை எல்லாக் கணினிகளுக்கும் புரியும் ஒரே முறையில் எழுதிவைப்பதுதான் நோக்கம்.

நாணயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். லோகேல் மாறினால் தொகையைக் காட்டும் விதம் மாறலாம், நாணயம் மாறக் கூடாது. 500 ரூபாய்க்கு வாங்கிய பொருளின் ரசீதைச் சிங்கப்பூரில் திறந்தால் அது 500 வெள்ளியாகிவிடக் கூடாது. அதனால்தான் நாணயத்துக்கு ஐஎஸ்ஓ 4217 என்ற தனித் தரத்தில் மூன்றெழுத்துக் குறி இருக்கிறது. தொகையோடு அந்தக் குறியும் சேர்ந்தே பயணிக்க வேண்டும்.

அகரவரிசை இன்னும் நுட்பமானது. எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் வரிசை, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைத்த இஸ்கி என்ற பழைய குறியீட்டைப் பின்பற்றியது. அதில் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற', 'ல'வுக்குப் பின் 'ள', 'ழ', 'வ' என்று வரும். தமிழ் நெடுங்கணக்கிலோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிரல், 'மயில்' என்ற சொல்லுக்கு முன்னே 'மனம்' என்பதைக் கொண்டுபோய் வைக்கும். 'வழி'க்கு முன் 'வளி' வரும். வாக்காளர் பட்டியலோ நூலக அட்டவணையோ இப்படி வந்தால், பள்ளியில் நெடுங்கணக்கு படித்த ஒருவர் தேடும் பெயர் தேடும் இடத்தில் இருக்காது. குறியீட்டு வரிசை வேறு, அகரவரிசை வேறு. அகரவரிசைக்கான விதியை லோகேல் தரவு தனியாகத் தருகிறது. அதைக் கேட்டு வாங்குவது நிரல் எழுதுபவரின் கடமை.

துருக்கி மொழியில் சிக்கல் வேறு விதம். ஆங்கில ஐ எழுத்தின் சிறிய வடிவத்துக்கு மேலே புள்ளி உண்டு, பெரிய வடிவத்துக்கு இல்லை. துருக்கியில் புள்ளி உள்ளதும் இல்லாததும் இரு வேறு எழுத்துகள்; ஒவ்வொன்றுக்கும் சிறியதும் பெரியதும் தனித்தனியே உண்டு. ஐ எழுத்துள்ள கட்டளைச் சொல்லைப் பெரிய எழுத்தாக்கி ஒப்பிடும் நிரல், துருக்கி அமைப்பிலுள்ள கணினியில் தன் கட்டளையையே அடையாளம் காணாமல் நின்றுவிடும். மனிதர் படிப்பதற்கான எழுத்துக்கு மனிதரின் லோகேலும், இயந்திரம் ஒப்பிடுவதற்கான எழுத்துக்கு எங்கும் மாறாத விதியும் வேண்டும் என்பதை நிரலாளர்கள் இப்படிப் பட்டுத்தான் கற்றார்கள்.

1989இல் தரமாக்கப்பட்ட சி நிரல்மொழியிலேயே லோகேலை அமைக்கும் வசதி இருந்தது. ஆனால் விவரங்களை அந்தந்த நிறுவனம் தானே திரட்டியது. ஒரே நாட்டின் தேதி வடிவம் ஓர் இயங்குதளத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தது. எல்லோரும் ஒரே வேலையைத் தனித்தனியே, தனித்தனிப் பிழைகளோடு செய்துகொண்டிருந்தார்கள். இதற்கு முடிவு கட்டப் பிறந்ததுதான் சிஎல்டிஆர் என்ற பொது லோகேல் தரவுக் களஞ்சியம். 2004 முதல் அது யூனிகோட் கூட்டமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் போன்றவை அதன் தரவைப் பயன்படுத்துகின்றன. கைப்பேசித் திரையில் தோன்றும் கிழமைப் பெயர் பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான்.

களஞ்சியத்தில் விவரங்கள் மரம்போல் அடுக்கப்பட்டுள்ளன. சிங்கப்பூர்த் தமிழுக்கென்று தனியே எழுதாத விவரம் பொதுத் தமிழிலிருந்து வரும். அங்கும் இல்லாவிட்டால் வேரிலிருந்து வரும். ஒருமை, பன்மை விதியும் உள்ளே உண்டு: தமிழுக்கு இரண்டு வடிவம், அரபிக்கு ஆறு, ஜப்பானியத்துக்கு ஒன்றே. தமிழர் பொழுதைப் பிரிக்கும் விதத்துக்கும் இடம் இருக்கிறது. அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு எல்லாம் அதில் பதிவாகியுள்ளன. முற்பகல், பிற்பகல் என்ற ஆங்கிலத்தின் இரண்டு பாதிகளுக்குள் நம் பொழுதுகளை அடைக்காமல் விட்டது பெரிய காரியம். இந்தச் சொற்களை மொழி அறிந்தவர்கள் முன்மொழிகிறார்கள், வாக்களித்து முடிவு செய்கிறார்கள். ஆகவே, பங்கெடுக்க ஆள் இல்லாத மொழியின் பக்கம் குறைபட்டுத்தான் கிடக்கும்.

பொதுத் தரவு என்பதால் அதில் நேரும் சிறு மாற்றமும் உலகெங்கும் எதிரொலிக்கும். 2022இல் வந்த 42ஆம் பதிப்பில், ஆங்கில நேரத்தில் எண்ணுக்கும் முற்பகல், பிற்பகல் குறிக்கும் நடுவிலிருந்த சாதாரண இடைவெளிக்குப் பதிலாக, வரி உடையாத குறுகிய இடைவெளி வைக்கப்பட்டது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் திரையில் காட்டிய நேரத்தையே திரும்பப் படித்துக் கணக்கிட்ட பல நிரல்கள் தடுமாறின. பிழை அந்த இடைவெளியில் இல்லை; காட்டுவதற்கான வடிவத்தைச் சேமிப்பதற்கும் பயன்படுத்தியதில் இருந்தது.

மரபணு ஆய்விலும் இதுபோன்ற ஒரு குழப்பம் பெருந்தொல்லை தந்தது. செப்டம்பர், மார்ச் மாதங்களின் பெயரை ஒத்த மரபணுக் குறிகளை விரிதாள் மென்பொருள் தேதியென்று எண்ணி மாற்றிவிட்டது. கடைசியில் மென்பொருள் மாறக் காத்திராமல், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அக்குறிகளையே மாற்றியது. 2020இல் அதன் புதிய நெறிமுறை வெளியானது.

தேதிக் குழப்பத்துக்குத் தீர்வு நெடுங்காலமாகக் கையிலேயே இருக்கிறது. 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதச் சொல்கிறது. 2025-04-03 என்று சேமித்த கோப்பை எந்த நாட்டுக் கணினியும் ஒரே நாளாகப் படிக்கும். அதைச் சென்னை வாசகருக்கு '3 ஏப்ரல், 2025' என்றும் நியூயார்க் வாசகருக்கு மாதத்தை முன்னிறுத்தியும் காட்டும் வேலை, திரைக்கு வரும் கடைசி நொடியில் லோகேலுக்கு உரியது.