பரண் மேல் இருக்கும் 'பைண்டு' புத்தகம்

மாதுங்காவிலும் செம்பூரிலும் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் பரணைத் துழாவினால், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி அகப்படலாம். உள்ளே கனத்த அட்டைப் புத்தகங்கள். எந்தப் பதிப்பகமும் வெளியிட்டவை அல்ல. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, வீட்டுக்காரரே 'பைண்டு' செய்து வைத்துக்கொண்டவை.

கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வந்தது. மூன்றரை ஆண்டுகள்! அந்த நாளில் பம்பாய்க்குக் குமாஸ்தா வேலைக்கு வந்த இளைஞருக்குச் சம்பளம் சொற்பம். ஊருக்கு மணியார்டர் அனுப்பி, மெஸ் கணக்கைத் தீர்த்த பிறகு கையில் மிஞ்சுவது சில்லறைதான். ஆகவே ஓர் அறையில் நாலு பேர் இருந்தால், நாலு பேருக்குமாக ஒரே பத்திரிகை.

அதுவும் சென்னையிலிருந்து ரயிலில் வர வேண்டும். வந்த அன்று யார் முதலில் படிப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். பொறுக்கமாட்டாதவர்கள் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஊசியும் நூலும்

எல்லோரும் படித்த பிறகே கிழிக்கலாம் என்பது அறைச் சட்டம். பின்னை நெம்பி எடுத்து, தொடர்கதைத் தாள்களை மட்டும் பிரிக்க வேண்டும். அதில் ஒரு சங்கடம். ஒரு கதை முடியும் தாளின் மறுபக்கத்தில் இன்னொரு தொடர்கதை ஆரம்பமாகிவிடும். இரண்டுக்கும் ஆள் இருந்தால் வழக்குத்தான்!

ஒரு வாரம் இதழ் தவறிவிட்டால் ஊரிலிருக்கும் மைத்துனருக்குக் கார்டு பறக்கும். அங்கும் கிடைக்காவிட்டால், படித்த யாராவது கதையை முழுத்தாளில் கையால் எழுதிக் கொடுப்பார். அதுவும் சேர்த்துத் தைக்கப்படும்.

கதை முடிந்ததும் பைண்டரிடம் போகும். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார். காசை மிச்சம் பிடிக்க வீட்டிலேயே கோணி ஊசியால் தைத்தவர்களும் உண்டு. அந்தப் புத்தகங்களில் ஓரத்து எழுத்து தையலுக்குள் போயிருக்கும். ஊகித்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் ஓவியர் மணியத்தின் படங்கள் வந்தபடியே இருக்கும். கூடவே சோப்பு விளம்பரமும், பாதியில் அறுந்த நகைச்சுவைத் துணுக்கும்.

சீவாளி என்றால் என்ன?

பிறகு புத்தகம் கை மாறத் தொடங்கும். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது என்று முதல் பக்கத்தில் எச்சரிக்கை. கடைசிப் பக்கத்தில் வாங்கிப்போனவர் பெயரும் தேதியும். மாதுங்காவில் புறப்பட்டது முலுண்டு, அம்பர்நாத் வரை போய் வரும். போனது திரும்பாமல் நட்பு முறிந்ததும் உண்டு.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் 'ஆனந்த விகட'னில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' நாகஸ்வரக்காரர்களின் கதை. சீவாளி எது, ஒத்து எது என்று திருநெல்வேலிக்காரரும் பாலக்காட்டுக்காரரும் தஞ்சாவூர்க்காரரைக் கேட்க வேண்டியிருந்தது. அவர் மின்சார ரயிலில் நின்றபடியே உதட்டைக் குவித்து ஊதிக் காட்டுவார். ஊரோடு இருந்திருந்தால் இந்த மூவரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

இனி யார் படிப்பது?

இப்போது பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். வீடு காலி செய்யும்போது பெட்டி கீழே வருகிறது. பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாது. 2022-லும் 2023-லும் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகப் படமாக வந்தபோது, கதையை ஆங்கிலத்தில் தேடிப் படித்த பிள்ளைகள் பலர். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் எழுத்துச் சொல்லித் தராதவர்கள் பெரியவர்கள்தானே?

கடைசியில் பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போகிறது, எடைக்கு.

படிக்க ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. அவற்றில் படித்த தொழிலாளர் குடும்பங்கள் தாராவியில் உண்டு. செம்பூரிலிருந்து தாராவி ஒன்றும் தொலைவில்லை. ஆனால் குமாஸ்தாக்கள் வட்டத்தைத் தாண்டி இந்தப் புத்தகங்கள் அங்கே போனது அந்த நாளிலும் குறைவுதான்.

பழைய தாளின் அருமை தெரிந்த ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகம், இதழ், அழைப்பிதழ், நோட்டீசு என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். அவர் 1992-ல் காலமானார். அந்தச் சேகரிப்பை 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம்.

பைண்டு புத்தகத்துக்கு அவ்வளவு பெரிய இடம் வேண்டியதில்லை. நிழலில் விரித்து உலர்த்தி, தூசி தட்டி, பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் விசாரித்தால் போதும். கடைசிப் பக்கத்துப் பெயர்ப் பட்டியலைக் கிழிக்காமல் கொடுங்கள். வாங்கிப்போகிறவர் அதற்குக் கீழே எழுதிக்கொள்வார்.