புதிய ஆட்டக்காரனும் ஆட்ட நேரமும்

கூடைப்பந்தாட்டத்திற் புதிதாய்ப் புகுந்த இளைஞனை எத்துணை நேரம் ஆடவிடுதல் தகும்? ஐக்கிய அமெரிக்காவின் தொழின்முறை ஆட்டம் 48 நிமிடங்களைக் கொண்டது. உயர்நிலைப் பள்ளியினின்றும் நேரே வந்த கெவின் கார்னெற், 1995-96இல், தோல்வி மிகுந்த மினசோற்றா அணியிற் சராசரி 28.7 நிமிடம் ஆடினார். மறு ஆண்டில் அவ்வாறே வந்த கோபி பிரையன்ற், வலிமிக்க லொஸ் ஏஞ்சல்ஸ் அணியிற் பெற்றது 15.5 நிமிடமே. எனினும், 1997 மே மாதம் யூற்றா அணியுடன் நிகழ்ந்த ஆட்டத்தின் நெருக்கடி வேளையில், 18 வயதினரான அவர் எறிந்த நான்கு பந்துகள் வளையத்தையுந் தொடாதுபோகவும், பயிற்றுநர் அவரை வெளியே அழைத்தாரல்லர். அணி தோற்றது. இருவரும் பின்னர்ப் பெருவீரராயினர்.

ஆதலின், வலிய அணியிற் புதியவனுக்குப் பதினைந்து நிமிடம் போதுமென்போம்; ஆயின் அவை வெற்றி தோல்வி முடிவானபின் அளிக்கப்படும் ஈற்று நிமிடங்களாதல் கூடாது. (அவற்றை ஆட்டமென்பதே மிகை.) பிழைத்தவுடன் மீட்டழையாது, முதிர்ந்தார் நால்வருடன் ஐந்தாறு நிமிடந் தொடர்ந்து ஆடவிடுக.