முதிராத அணுக்களை முதிரச் செய்யும் மாத்திரை

வைட்டமின் ஏ-யின் உறவான ஒரு மாத்திரை இரத்தப் புற்றுநோயைத் தணிக்குமா? ‘அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா’ என்னும் வகையில் தணிக்கும்.

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் புரதங்களின்மேல் நூற்கண்டு போலச் சுற்றப்பட்டுள்ளது. இவ்வமைப்பே குரோமாட்டின். சுற்று இறுகிய இடத்தில் மரபணு அடங்கியிருக்கும். தளர்ந்த இடத்தில் செயற்படும். இந்நோயில் 15, 17ஆம் குரோமோசோம்களின் பகுதிகள் இடம்மாறி இணைவதால் பிறழ்ந்த புரதமொன்று தோன்றுகிறது. அது சுற்றை இறுக்கிவிட, வெள்ளணுக்கள் முதிராமலே பெருகுகின்றன.

வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் ரெட்டினாயிக் அமிலம் ஒரு சிறு சமிக்ஞை மூலக்கூறு. அதையே ட்ரெடினோயின் மாத்திரையாக மிகுந்த அளவில் அளிக்கும்போது, அப்புரதத்துடன் இணைந்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது, அணுக்கள் முதிர்கின்றன. 1980களில் ஷாங்காய் நகரில் மருத்துவர் வாங் சென்யி குழுவினர் இதனை அளித்துப் பயன் கண்டனர். இன்று ஆர்சனிக் ட்ரையாக்சைடு முதலிய மருந்துகளும் சேர, பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

சிகிச்சையின் தொடக்க வாரங்களில் காய்ச்சல், மூச்சுத்திணறல், கால் வீக்கம், திடீர் எடைக்கூடுதல் தோன்றினால், இரவாயினும் உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். கடையில் கிடைக்கும் வைட்டமின் ஏ இதற்கு ஈடாகாது. அதனைச் சேர்த்து உண்பது தீங்கும் தரும்.