ஒரு மணி நேர ஆவணப்படத்தில் உண்மை எத்தனை நிமிடம்?

கடலில் மூழ்கிய ஒரு கப்பலைப் பற்றிய ஆவணப்படம் தொலைக்காட்சியில் தொடங்குகிறது. “இந்தக் கப்பல் ஏன் மூழ்கியது? விடை இன்றிரவு தெரியும்” என்கிறது பின்னணிக் குரல். பத்து நிமிடத்தில் விளம்பரம் வருகிறது. அதற்குச் சற்று முன்பு, “அடுத்து முக்குளிப்பாளர்கள் காணப்போவது எல்லாவற்றையும் மாற்றிவிடும்” என்று எச்சரிக்கிறார்கள். விளம்பரம் முடிந்ததும் கப்பல் மறுபடியும் முதலிலிருந்து மூழ்குகிறது. படம் முடிவதற்குள் அது ஐந்தாறு முறை மூழ்கிவிடும். ஏன் மூழ்கியது என்பதைக் கடைசி மூன்று நிமிடத்தில் சொல்வார்கள். சில படங்களில் அதுவும் இருக்காது.

இப்படிப்பட்ட படங்களைப் பார்க்காத மாணவர் இருக்க முடியாது. பிரமிடு, சுறா, விமான விபத்து, புதையல் என்று தலைப்புதான் மாறும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது ஏன்? இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

விளம்பரத்துக்காக வெட்டிய கதை

அமெரிக்க வர்த்தகத் தொலைக்காட்சியில் ‘ஒரு மணி நேர நிகழ்ச்சி’ என்பது ஏறக்குறைய 42 முதல் 44 நிமிடம்தான். மீதி நேரம் விளம்பரத்துக்கும் அறிவிப்புகளுக்கும் போய்விடும். அந்த 44 நிமிடமும் ஐந்து, ஆறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. விளம்பரம் வந்ததும் பார்ப்பவர் வேறு ஒளிவழிக்குப் போய்விடக்கூடாது. எனவே இடைவேளைக்கு முன்பு ஆவலைத் தூண்டுகிறார்கள். நடுவில் வந்து சேர்பவருக்குக் கதை புரிய வேண்டும் என்பதால், இடைவேளைக்குப் பிறகு முன்கதையைச் சொல்கிறார்கள்.

ஒவ்வோர் இடைவேளைக்கும் முன்னால் அரை நிமிடம், பின்னால் அரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இடைவேளைக்கு ஐந்து நிமிடம் கழிந்துவிடும். படத்தின் தொடக்கத்தில் வரும் முன்னோட்டத்தையும் சேர்த்தால், 44 நிமிடத்தில் எட்டில் ஒரு பங்கு புதிதாக எதையும் சொல்லாமலே போய்விடும்.

இதே நிகழ்ச்சி வெளிநாடுகளுக்கும் விற்கப்படுகிறது. அங்கே இடைவேளை வேறு இடத்தில் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் முன்கதைச் சுருக்கம் மட்டும் படத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. முப்பது நொடிக்கு முன்பு பார்த்ததை நமக்கே மறுபடி விளக்குகிறார்கள். 2003ல் தொடங்கிய ‘மித்பஸ்டர்ஸ்’ அறிவியல் நிகழ்ச்சியை விரும்பிப் பார்த்த ரசிகர்களே, இந்தத் திரும்பச் சொல்லல்களை நீக்கி அதன் பகுதிகளைத் தாங்களாகவே மறுதொகுப்புச் செய்தார்கள். ஒரு நிகழ்ச்சி மீதான அன்பும் எரிச்சலும் ஒன்றாக வெளிப்பட்ட இடம் அது.

செலவும் ஒரு காரணம். கடலுக்கடியில் புதிதாக ஒரு காட்சி எடுக்கப் பெரும் பணம் வேண்டும். கப்பல் மூழ்கும் கணினி வரைகலைக் காட்சியை ஒரு முறை செய்துவிட்டால் ஆறு முறை காட்டலாம். பின்னணிக் குரலுக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பிபிசி 2006ல் ஒளிபரப்பிய ‘பிளேனட் எர்த்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 11 பகுதிகள். ஒவ்வொன்றிலும் முதன்மைப் படம் சுமார் 50 நிமிடம். அதன் பின் படம் எடுத்த கதையைச் சொல்லும் 10 நிமிடக் குறும்பகுதி. விளம்பரம் போடும் ஒளிவழி அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துவிட்டாலும் முதன்மைப் படம் சிதையாது. எடுக்காமல் விட்டால் பார்ப்பவருக்குப் புதிய தகவல் கிடைக்கும். நேரத்தை நிரப்ப வேண்டிய அதே கட்டாயத்துக்கு, பார்ப்பவரை மதிக்கும் விடை இது.

இணையம் வந்தும் மாறவில்லை

விளம்பர இடைவேளைதான் காரணம் என்றால், இணையத்தில் இந்தப் பழக்கம் மறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. யூடியூப்பில் காணொளியின் நடுவே விளம்பரம் வைக்க, அது முன்பு 10 நிமிடமாவது ஓட வேண்டியிருந்தது. 2020ல் அந்த வரம்பு 8 நிமிடமாகக் குறைந்தது. மூன்று நிமிடத்தில் சொல்லக்கூடிய ஒரு செய்தி, எட்டு நிமிடத்தைத் தாண்டி ஏன் இழுபடுகிறது என்பது இப்போது புரியும்.

கட்டணம் செலுத்திப் பார்க்கும் தளங்களில் நிலைமை வேறு. அங்கே ஒன்றரை மணி நேரப் படத்துக்குரிய செய்தி மூன்று, நான்கு பகுதிகளாகிறது. அடுத்த பகுதியையும் பார்க்க வைக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு பகுதியும் ஒரு மர்மத்தில் முடிகிறது.

உண்மை தீர்ந்த இடத்தில்

சலிப்பு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நேரம் அதிகம், தெரிந்த உண்மை குறைவு என்ற நிலை வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த இடைவெளியை முதலில் கேள்வி நிரப்பும். பிறகு ஊகம் நிரப்பும்.

கனடாவின் ஓக் தீவில் புதையல் தேடும் ‘தி கர்ஸ் ஆஃப் ஓக் ஐலண்ட்’ 2014 முதல் பத்துக்கும் மேற்பட்ட பருவங்கள் ஓடிவிட்டது. ஒரு பழைய ஆணியோ மரத்துண்டோ கிடைத்தால் போதும், ‘இது அந்தக் காலத்து வீரர்கள் விட்டுச்சென்றதாக இருக்குமோ’ என்ற தொனியில் குரல் கேட்கிறது. கேள்வியாகக் கேட்பதால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்ப்பவர் மனத்தில் கேள்விக்குறி உதிர்ந்து, செய்தி மட்டும் தங்கிவிடுகிறது. புதையல் விஷயத்தில் இதனால் பெரிய கேடு இல்லை.

எம்எச்370 விமானத்தின் கதை அப்படிப்பட்டதன்று. 2014 மார்ச் 8ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட அந்த விமானத்தில் 239 பேர் இருந்தனர். துணைக்கோளத் தரவுகள் தெற்கு இந்தியப் பெருங்கடலைக் காட்டின. 2015ல் ரீயூனியன் தீவில் இறக்கையின் ஒரு பாகம் கரையொதுங்கியது. விமானம் காணாமற்போனதன் உண்மையான காரணத்தை உறுதிப்படுத்த இயலவில்லை என்று 2018ல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. உறுதியாகத் தெரிந்தவற்றை ஒரே பகுதியில் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

2023ல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ஆவணத்தொடருக்கு மூன்று பகுதிகள். முதல் பகுதி விமானியைச் சுற்றி வருகிறது. இரண்டாவது கடத்தல் பற்றிய ஊகம். மூன்றாவது, அமெரிக்கர்கள் இடைமறித்தார்கள் என்ற ஊகம். தொடரில் இவற்றை மறுப்பவர்களும் பேசுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒரு பகுதி முழுவதும் இசையோடும் நடிப்புக் காட்சிகளோடும் ஓடும் ஊகத்துக்கு, அதைச் சில நிமிடங்களில் மறுக்கும் குரல் ஈடாகுமா? பதிலுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களின் துயரம் அங்கே திரைநேரத்தை நிரப்பும் பொருளாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

நீளம் குற்றமில்லை

எல்லா நீண்ட படமும் இழுவை என்று முடிவுகட்டக் கூடாது. யூதப் படுகொலையைப் பற்றி குளோட் லான்ஸ்மான் எடுத்து 1985ல் வெளிவந்த ‘ஷோவா’ ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். பழைய ஆவணக் காட்சி எதையும் அதில் அவர் சேர்க்கவில்லை. உயிர் தப்பியவர்களும், உடனிருந்தவர்களும், குற்றம் புரிந்தவர்களும் சொல்லச் சொல்லப் படம் நகர்கிறது. அந்த நீளம் பொருளுக்குத் தேவைப்பட்ட நீளம்.

மறுமுனையில், முதுமலை யானைகள் முகாமில் பொம்மன், பெள்ளி தம்பதி யானைக்குட்டிகளை வளர்த்ததைச் சொல்லும் ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’. தமிழ் பேசும் இந்தப் படம் ஏறக்குறைய 40 நிமிடம்தான். கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய அது, 2023ல் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது.

திரும்பச் சொல்வதும் தன்னளவில் தவறில்லை. பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. இடையில் வந்த சரணம் அதற்குப் புதுப்பொருள் சேர்த்திருப்பதால் நமக்கு அலுப்பதில்லை. நல்ல ஆசிரியரும் ஒரு கருத்தை மூன்று முறை சொல்வார். மூன்று முறையும் வேறு எடுத்துக்காட்டோடு சொல்வார்.

தாளும் பேனாவும் போதும்

அடுத்த முறை ஆவணப்படம் பார்க்கும்போது ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். புதிய தகவல் வந்தால் முதல் பத்தியில் ஒரு கோடு. ஏற்கெனவே சொன்னது வந்தால் இரண்டாவதில். ‘இருக்கலாமோ’, ‘சிலர் நம்புகிறார்கள்’ என்று வந்தால் மூன்றாவதில். முதல் பத்தியில் கோடுகள் நிறைந்த படத்தை நண்பர்களுக்குச் சொல்லுங்கள். மூன்றாவது நிறைந்திருந்தால், அந்தப் படத்தை உங்கள் வகுப்புத் திட்டப்பணிக்கு ஆதாரமாகக் காட்டுமுன் வேறோர் இடத்தில் சரிபாருங்கள்.

அதே தாளை உங்கள் கட்டுரைக்கும் பயன்படுத்தலாம். சொற்களின் எண்ணிக்கையை எட்டுவதற்காக ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கி, முன்னுரையில் சொன்னதையே முடிவுரையில் மறுபடி எழுதும் வழக்கம் நம்மிடமும் உண்டு. 500 சொல் கேட்டு 300 சொல்லுக்குத்தான் செய்தி இருக்கிறது என்றால், தேவைப்படுவது இன்னும் 200 சொல்லுக்கான தேடல். நூலகத்தில் இன்னொரு புத்தகத்தைத் திறந்தால் அது கிடைத்துவிடும்.