கண்ணாடியைக் கழற்றுமுன்

சென்ற ஆண்டு துர்கா பூஜைக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது, கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் வாடிக்கையாளர் ஒருவர் தம் மகளுடன் நம் கிளைக்கு வந்தார். மகளுக்கு வயது இருபது. லேசர் சிகிச்சையால் கண் பவரை நீக்கிக்கொள்ளத் தனிநபர் கடன் வேண்டும் என்றார். மகாளய அமாவாசைக்குள் முன்பதிவு செய்வோருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி என ஒரு மருத்துவமனை அறிவித்திருந்ததாம். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே, பரிசோதனைகள் முடிந்துவிட்டனவா எனக் கேட்டோம். "அதெல்லாம் ஆபரேஷனுக்கு முதல் நாள் பண்ணிடுவாங்களாம் சார்" என்றார் தாயார்.

கடன் தருவதில் தடையேதும் இல்லை. ஊதியச் சான்றும் பழைய கணக்கும் ஒழுங்காக இருந்தன. ஆயினும் நாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்பெண்ணின் பவர் கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு மாறியது என்று வினவினோம். ஒவ்வோர் ஆண்டும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு கண்ணில் சிலிண்டர் பவர் மட்டும் விரைவாக ஏறியிருக்கிறது. நாம் மருத்துவர் அல்லர். வணிகவியல் படித்த வங்கி அலுவலர். ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில் நாமும் இச்சிகிச்சைக்காக ஒரு கண் மருத்துவர்முன் அமர்ந்து, அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லியிருந்தோம். அவற்றுள் முதல் கேள்வி இதுவே.

லேசர் சிகிச்சை கண்ணின் குறையையே போக்கிவிடுகிறது எனப் பலரும் கருதுகின்றனர். கிட்டப்பார்வை உள்ளவரின் விழிக்கோளம் பெரும்பாலும் இயல்பைவிடச் சற்று நீண்டிருக்கும். ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடும். லேசர் அந்த நீளத்தைத் தொடுவதில்லை. கார்னியா எனப்படும் கருவிழிப் படலத்தின் நடுப்பகுதியைச் சிறிது செதுக்கித் தட்டையாக்குகிறது. மூக்கின்மேல் இருந்த கண்ணாடியின் வேலையை விழியின்மீதே எழுதிவைக்கிறது. விழித்திரை பழைய விழித்திரையாகவே இருக்கும். ஆகவே அதிக பவர் இருந்தவர்கள், கண்ணாடி போனபின்னரும், விழித்திரைப் பரிசோதனையைக் கைவிடலாகாது.

இந்தச் செதுக்கலைச் சாத்தியமாக்கியவர்களுள் ஒருவர் நம்மவர் என்பது பலரும் அறியாதது. 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 1981 நவம்பரில், நன்றி நவிலல் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியின்மீது எக்சைமர் லேசரின் புற ஊதாக் கதிரைச் செலுத்திப் பார்த்தார் (சைவ வாசகர்கள் பொறுத்தருள்க). சுற்றியிருந்த திசு கருகவில்லை. கத்தியால் இயலாத நேர்த்தியுடன் ஒரு வெட்டு விழுந்தது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகிய இருவரும் அவருடன் இக்கண்டுபிடிப்பில் பங்கு கொண்டவர்கள். 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோகலும் சீனிவாசனும் இணைந்து கருவிழியில் இக்கதிரின் விளைவை ஆராய்ந்து வெளியிட்டனர். 2013-இல் அமெரிக்க அதிபர் ஒபாமா பங்கேற்ற விழாவில் மூவரின் பணிக்கும் தேசியப் பதக்கம் வழங்கப்பட்டது.

இனி, நம் தொழிலோடு நெருங்கிய ஒரு கணக்கு. கருவிழியின் நடுப்பகுதி பொதுவாக 540 மைக்ரான் அளவில், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிப்பில் இருக்கும். லாசிக் முறையில் முதலில் 100 முதல் 120 மைக்ரான் தடிப்பில் ஒரு மெல்லிய மேல்மூடியை வெட்டித் திறக்கின்றனர். அதன் அடியில், ஒரு டயாப்டர் பவருக்கு ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்கப்படுகிறது. எஞ்சிய அடித்தளம் 250 மைக்ரானுக்குக் குறையக்கூடாது என்பது நெடுநாளைய விதி. 300 இருத்தல் நலம் என்பார் பலர். இதைச் சேமிப்புக் கணக்கின் குறைந்தபட்ச இருப்பைப் போலக் கொள்ளலாம். 500 மைக்ரான் கருவிழியும் மைனஸ் 7 பவரும் உள்ள ஒருவருக்கு, மூடிக்கு 110, செதுக்கலுக்கு 98 போக, 292 எஞ்சும். அதே பவருக்கு 460 மைக்ரான் மட்டுமே இருந்தால் 252; விளிம்பில் நிற்கும் கணக்கு. வங்கியில் இருப்புக் குறைந்தால் மறுநாள் பணம் செலுத்திச் சரிசெய்யலாம். செதுக்கிய கருவிழியைத் திரும்ப நிரப்பும் வழி இல்லை.

தடிப்பு போதுமானதாக இருந்தாலும் வடிவம் சரியாக இருக்கவேண்டும். சிலருக்குக் கருவிழி மெல்ல மெலிந்து கூம்புபோல முன்தள்ளும், இது கெரட்டோகோனஸ். பெரும்பாலும் பதின்பருவத்திலும் இருபதுகளிலும் வளரும் இந்நோயைக் கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கம் மிகுவிக்கிறது. அதன் தொடக்க நிலையில், கண்ணாடி பவர் மாறிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு அறிகுறி தெரியாமலிருக்கலாம். அத்தகைய கண்ணில் லாசிக் செய்தால் கருவிழி மேலும் வலுவிழந்து, கண்ணாடியாலும் சரிசெய்ய இயலாத பார்வைக் குறையில் முடியக்கூடும். இதைக் கண்டறியவே கருவிழியின் வரைபடத்தைக் கருவியால் எடுக்கின்றனர். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் சோதனைக்கு முன் மென்வகை லென்ஸானால் ஒன்று அல்லது இரண்டு வாரமும், கடினவகையானால் அதனினும் கூடுதலாகவும் அதைத் தவிர்க்கவேண்டும். லென்ஸின் அழுத்தம் வரைபடத்தையே மாற்றிக் காட்டும். முதல் நாள் சோதனை, மறுநாள் சிகிச்சை என்ற ஏற்பாட்டை நாம் ஐயத்துடன் நோக்கியது இதனால்தான்.

அந்தப் பெண் பூஜைக்குப் பின்னர், தள்ளுபடியை விட்டுவிட்டு, வேறோர் இடத்தில் முழுச் சோதனையும் செய்துகொண்டார். ஒரு கண்ணில் கெரட்டோகோனஸின் தொடக்கம் தெரிந்தது. இப்போது அவர் செய்துகொண்டது வேறொரு சிகிச்சை: புற ஊதா ஒளியாலும் ரைபோஃபிளேவின் சொட்டு மருந்தாலும் கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ்-லிங்கிங். கண்ணாடி அணிந்துதான் கல்லூரிக்குச் செல்கிறார்.

நம் கதைக்கு வருவோம். வயது நாற்பத்து நான்கு. பவர் மைனஸ் 5. கருவிழித் தடிப்பும் வடிவமும் குறைசொல்ல இடமில்லாதவை. மருத்துவர் ஒரு காகிதத்தை நீட்டி, "கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படியுங்கள்" என்றார். அருகில் பிடித்துத் தெளிவாகப் படித்தோம். காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்துடன் ஒப்பிடும்போதும் இவ்வாறே கண்ணாடியைக் கழற்றி உற்றுப் பார்ப்பது நம் வழக்கம். "சிகிச்சைக்குப் பின் இது போய்விடும், படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும்" என்றார் அவர். நாற்பதுக்குமேல் வரும் வெள்ளெழுத்தை லேசர் தடுப்பதில்லை. கிட்டப்பார்வையுள்ளவர் கண்ணாடியைக் கழற்றி அதைச் சமாளித்து வருகிறார். பவர் நீங்கினால் அந்த வசதியும் நீங்குகிறது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை அருகுக்கும் அமைப்பது மாற்று வழி. அதை முதலில் கான்டாக்ட் லென்ஸ் கொண்டு பழகிப் பாருங்கள் என்றார். ஒரு வாரம் முயன்றோம். மாலையில் மினிபஸ்ஸின் எண்ணைப் படிப்பதிலேயே தடுமாறினோம். இன்றும் கண்ணாடியுடன் இருக்கிறோம்.

ஆயினும் எல்லோரும் தவிர்க்கவேண்டிய சிகிச்சை இது எனச் சொல்வது நேர்மையாகாது. நம் கிளையில் கடன் பிரிவில் பணிபுரியும் வங்காளி நண்பர், நாம் 'தாதா' என்று அழைப்பவர் (இங்கே அச்சொல்லுக்கு அண்ணன் என்றே பொருள், சென்னை வாசகர்கள் அஞ்சவேண்டாம்), இருபத்தேழு வயதில் இதைச் செய்துகொண்டவர். ஞாயிறுதோறும் மைதானத்தில் கால்பந்து ஆடுபவர். மழையில் நனைந்த கண்ணாடியால் பந்தையும் ஆளையும் பிரித்தறிய இயலாது அல்லற்பட்டவர். மைனஸ் 4 பவர் இரண்டு ஆண்டுகளாக மாறாதிருந்தது. சிகிச்சை முடிந்த மறுநாள் காலை கடிகாரத்தைக் கண்ணாடியின்றிப் பார்த்த நொடியை இன்றும் சொல்லி மகிழ்கிறார். முதல் சில மாதங்களில் இரவில் ரெட் ரோட்டின் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தது. ஆறு மாதம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு தேவைப்பட்டது. கண் வறட்சி இச்சிகிச்சையில் அடிக்கடி காணப்படும் தொல்லை. பெரும்பாலோருக்கு அது மெல்லக் குறையும், சிலருக்கு நீடிக்கும். நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் கணினியை நோக்குவோர் வறட்சிச் சோதனையை முன்னரே கேட்டுப் பெறுவது நல்லது. நாள் குறிப்பதிலும் கவனம் தேவை. சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் கண்ணில் அழுக்கு நீரும் தூளும் படலாகாது. ஹோலிப் பொடி பறக்கும் மார்ச் மாதமும், புகைமூட்டம் சூழும் டிசம்பரும் இந்நகரில் அதற்கு ஏற்றவையல்ல.

கருவுற்றிருப்போர், பாலூட்டுவோர், கட்டுப்படாத நீரிழிவு உடையோர் ஆகியோரைக் காத்திருக்கவே மருத்துவர்கள் சொல்கின்றனர். பதினெட்டு வயதுக்குமுன் செய்வதில்லை. பவர் ஓராண்டேனும் நிலைத்திருக்கவேண்டும். மெல்லிய கருவிழி உடையோருக்கு மூடியே வெட்டாத பி.ஆர்.கே. முறையோ, கண்ணுக்குள் வைக்கும் ஐ.சி.எல். லென்ஸோ பொருந்தலாம். அரசுப் பணிக்குத் தயாராகும் பிள்ளைகள் அறிவிக்கையை முதலில் படிக்கவேண்டும்: ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கு லாசிக் செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள். கிழக்கு ரயில்வே, தென்கிழக்கு ரயில்வே இரண்டின் தலைமையகங்களும் உள்ள இந்நகரில் இதை அறியாமல் வாய்ப்பிழப்பது பெருந்துயரம்.

பணத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளின்படி, 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறையைத் திருத்தும் செலவு மருத்துவக் காப்பீட்டில் அடங்காது. அதற்கு மேற்பட்ட பவருக்கும் காத்திருப்புக் காலம் முதலிய நிபந்தனைகளைப் பாலிசியில் பார்த்துக்கொள்க. 'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லில் மயங்கவேண்டாம். சுழிய வட்டி என்ற ஒன்றே இல்லை என ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. அவ்வட்டி ஏதோவொரு வடிவில் விலைக்குள் ஒளிந்திருக்கும். முழுத்தொகையை உடனே செலுத்தினால் என்ன கட்டணம் என்று கேட்டாலே வேறுபாடு தெரிந்துவிடும். கட்டணம் ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, பிற்பாடு பவர் சற்றுத் திரும்பினால் மறுசிகிச்சைக்குத் தனிக்கட்டணமா என்பதையும் எழுத்தில் பெறுக. அவசரமில்லாத செலவு ஆதலின், தொடர் வைப்புக் கணக்கில் ஓராண்டு சேர்த்துச் செய்வதையே நாம் பரிந்துரைப்போம். பவர் நிலைத்திருக்கிறதா என்பதும் அந்த ஓராண்டில் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு காகிதம். சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிப்பு ஆகிய அளவுகளை மருத்துவமனையிலிருந்து அச்சிட்டு வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் கண்புரை அறுவையின்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணிக்க அது பெரிதும் உதவும். செதுக்கிய கருவிழியில் வழக்கமான கணிப்பு பிழையாகும். கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், எந்தக் கண் மருத்துவரிடம் சென்றாலும் லாசிக் செய்துகொண்டதைச் சொல்லவேண்டும். இதைக் கேட்ட தாதா, தம் காகிதத்தை நம் கிளையின் லாக்கரில் வைத்துவிடலாமா என்றார். வைக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை லாக்கர் திறக்காது என்பதால், ஒரு நகலை வீட்டு அலமாரியில் நிலப்பத்திரத்தோடு வைக்கும்படி சொன்னோம்.