மக்காச்சோளம் யாருக்கு: கோழிக்கா, காருக்கா? முட்டை விலைக்குப் பின்னால் இருக்கும் தீவனக் கணக்கு

ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்குச் சாப்பிடுவது சுமார் 110 கிராம் தீவனம். ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவு. அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், கால் பங்கு அளவுக்கு சோயா புண்ணாக்கு. மிச்சம் இருப்பது தவிடு, கிளிஞ்சல், தாது உப்பு, வைட்டமின் என்று சில்லறைச் சாமான்கள்.

இந்த ஒரு டம்ளர் விவகாரம்தான் முட்டை, கறிக்கோழித் தொழிலின் மொத்த லாப நஷ்டத்தையும் ஆட்டி வைக்கிறது. கோழி வளர்ப்பில் ஆகும் செலவில் 65 முதல் 70 சதவீதம் வரை தீவனத்துக்கே போய்விடுகிறது. கூலி, கரண்ட், மருந்து, குஞ்சு விலை எல்லாம் சேர்ந்தாலும் மீதியில் அடங்கிவிடும்.

இந்தியாவில் 2023-24-ஆம் ஆண்டில் உற்பத்தியான முட்டைகள் 14,277 கோடி. முதலிடம் ஆந்திரப் பிரதேசத்துக்கு, இரண்டாமிடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உற்பத்தியின் மையம் நாமக்கல். ஆனால், நாமக்கல் கோழிக்கு வேண்டிய மக்காச்சோளம் முழுவதும் நாமக்கல்லைச் சுற்றி விளைவதில்லை. கர்நாடகத்திலிருந்து லாரியிலும், பிகாரிலிருந்து கூட்ஸ் ரயிலிலும் வந்து இறங்குகிறது. சோயா புண்ணாக்கு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறது. பூர்ணியாவில் மழை தப்பினாலும் இந்தூரில் விலை ஏறினாலும் நாமக்கல் பண்ணையில் கணக்கு மாறும்.

இத்தனை நாள் இந்தக் கணக்கில் இருந்தவர்கள் விவசாயி, வியாபாரி, பண்ணையாளர். இப்போது நான்காவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார்: பெட்ரோல் போடுபவர்.

எத்தனால் உள்ளே வந்த கதை

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க வேண்டும் என்ற இலக்கை மத்திய அரசு முதலில் 2030-க்குத்தான் வைத்திருந்தது. 2021-இல் அதை 2025-க்கு முன்னே இழுத்தது. அப்போது எத்தனாலுக்கு முக்கிய மூலப்பொருள் கரும்பு. கூடவே இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசி.

2023-இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் நூறாண்டுகளுக்கும் மேலாகக் காணாத வறட்சியான ஆகஸ்ட். அரிசி கையிருப்பு குறையுமோ என்ற கவலையில் உணவுக் கழக அரிசியை எத்தனால் ஆலைகளுக்குக் கொடுப்பது ஜூலையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. டிசம்பரில், சர்க்கரை விலை ஏறிவிடக் கூடாது என்று கரும்புச் சாறிலிருந்து எத்தனால் எடுப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. இரண்டு கதவும் மூடிய பிறகு முக்கியமாகத் திறந்திருந்தது மக்காச்சோளம். 2024 ஜனவரியில் எண்ணெய் நிறுவனங்கள் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு ரூ.5.79 ஊக்கத்தொகை சேர்த்து, விலையை ரூ.71.86 ஆக்கின.

பலன் உடனே தெரிந்தது. 2022-23 எத்தனால் ஆண்டில் மக்காச்சோளத்திலிருந்து கிடைத்தது சுமார் 31 கோடி லிட்டர். அடுத்த ஆண்டே அது சுமார் 286 கோடி லிட்டர். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரே ஆண்டில் ஏறக்குறைய 75 லட்சம் டன் மக்காச்சோளம் டிஸ்டில்லரிகளுக்குப் போயிருக்கிறது. அந்த ஆண்டின் மொத்த விளைச்சல் 376 லட்சம் டன். ஐந்து மூட்டை விளைந்தால் ஒரு மூட்டை எரிபொருளுக்கு.

வங்கதேசம், வியட்நாம் போன்ற நாடுகளுக்கு ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா, 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் வாங்கியது. இறக்குமதிக்கு வழக்கமான வரி 50 சதவீதம். கோழித் தொழிலும் மாவுச்சத்து ஆலைகளும் நெருக்கியதால், சுமார் 5 லட்சம் டன்னை மட்டும் 15 சதவீத வரியில் கொண்டுவர அந்த ஆண்டு ஜூனில் அனுமதி கிடைத்தது. தேவையோடு ஒப்பிட்டால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால்?

கேட்கச் சின்னத் தொகையாக இருக்கும். 50,000 கோழி உள்ள ஒரு நடுத்தரப் பண்ணையை எடுத்துக்கொள்வோம். தீவனத்தில் பாதி மக்காச்சோளம் என்றால், ஒரு கோழி நாளைக்கு 55 கிராம் சாப்பிடுகிறது. மக்காச்சோளம் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால், ஒரு கோழிக்குக் கூடும் செலவு நாளைக்கு 27.5 பைசா. 50,000 கோழிக்கு ரூ.13,750. மாதத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல்.

மற்ற தொழில் என்றால் விலையை ஏற்றிவிடலாம். முட்டையில் அது நடக்காது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு மண்டலம் வாரியாக அறிவிக்கும் விலை, தீவனச் செலவைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவது இல்லை. எவ்வளவு முட்டை தேங்கியிருக்கிறது, வெளி மாநிலங்களில் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதுதான் அதற்கு அடிப்படை. புரட்டாசி வந்தால் விலை இறங்கும், வடக்கே குளிர் வந்தால் ஏறும். மக்காச்சோளம் என்ன விலை விற்றாலும் புரட்டாசி புரட்டாசிதான். கோழியையும் நாலு நாள் பட்டினி போட்டு வைக்க முடியாது. தீவனம் குறைந்தால் முட்டை குறையும், ஒருமுறை குறைந்தால் பழைய நிலைக்கு வரவே நாளாகும்.

இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2025 நவம்பரில் கர்நாடகத்தில் மக்காச்சோளம் குறைந்தபட்ச ஆதார விலையான குவிண்டாலுக்கு ரூ.2,400-க்கு வெகுவாகக் கீழே விழுந்து, விவசாயிகள் சாலைக்கு வந்து போராடினார்கள். அதே மாதத்தில் நாமக்கல் மண்டலத்தில் முட்டைக் கொள்முதல் விலை 6 ரூபாயைத் தாண்டி உச்சம் தொட்டது. தீவனம் மலிவான நேரத்தில் முட்டை விலை ஏன் ஏறுகிறது என்று கடையில் நின்று கேட்பவருக்கு இதுதான் பதில்: இரண்டும் வேறு வேறு சந்தை. நடுவில் நிற்பவர் பண்ணையாளர். சில மாதம் அவருக்கு அதிர்ஷ்டம், சில மாதம் கடன்.

கறிக்கோழி விஷயம் கொஞ்சம் வேறு. பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் பெரும்பாலும் ஒப்பந்த முறைதான். குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்ப்புக் கூலி கிலோ கணக்கில். தீவன விலை ஏற்றத்தை நிறுவனம் தாங்கும் என்பது உண்மை. ஆனால், ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் தின்றது என்ற எஃப்.சி.ஆர் கணக்கைப் பார்த்துத்தான் கூலி கூடும், குறையும். நல்ல பேட்ச் என்றால் 1.6-க்குப் பக்கத்தில் நிற்கும். தீவனத்தின் தரம் சுமாராக இருந்து எஃப்.சி.ஆர் ஏறினாலும் கூலியில்தான் கை வைப்பார்கள் என்பது ஒப்பந்த விவசாயிகளின் நெடுநாள் புகார்.

மக்காச்சோளத்துக்குப் பதில் வேறு போடலாமே?

போடலாம். போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். கம்பு, சோளம், அரிசி நொய், எண்ணெய் நீக்கிய தவிடு எல்லாம் தீவனத்தில் இடம்பிடிப்பவைதான். ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் உண்டு. சில சோள ரகங்களில் உள்ள டானின் செரிமானத்தைக் கெடுக்கும். தவிட்டில் நார்ச்சத்து அதிகம், எரிசக்தி குறைவு. அரிசி நொய் சத்தில் மக்காச்சோளத்துக்குக் குறைந்ததில்லை, ஆனால் அதைக் கூடுதலாகப் போட்டால் மஞ்சள் கரு வெளுத்துப் போகும். மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுப்பதே மக்காச்சோளத்தில் இருக்கும் நிறமிகள்தான். வெளுத்த கருவைப் பார்த்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார், சத்தில் குறை இல்லாவிட்டாலும்.

சோயாவை மாற்றுவது இன்னும் கஷ்டம். புரதத்தைக் கூட்டினால் மட்டும் போதாது, அதில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மக்காச்சோளத்தில் லைசின் குறைவு, சோயாவில் அது நிறைய. சோயாவில் குறைவாக இருப்பது மெத்தியோனின். அதைத் தொழிற்சாலையில் தயாரித்த பொடியாகச் சேர்க்கிறார்கள். ஒரு டன் தீவனத்துக்கு ஒன்றிரண்டு கிலோதான், ஆனால் அது இல்லாவிட்டால் மற்றது அத்தனையும் வீண். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நச்சு பயம், கடுகுப் புண்ணாக்கில் கசப்பும் சில வேண்டாத வேதிப்பொருட்களும். அதனால்தான் 2021-இல் சோயா புண்ணாக்கு விலை டன்னுக்கு ஒரு லட்சம் ரூபாயை நெருங்கியபோது, தொழில்துறை திணறிப்போனது. மரபணு மாற்றப்பட்ட உணவுப் பயிர்களை வணிகரீதியாகச் சாகுபடி செய்ய அனுமதிக்காத இந்தியா, அந்த ஆகஸ்டில் மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய அனுமதித்தது. முழு விதை அல்ல, எண்ணெய் பிழிந்த சக்கை என்பதால் முளைக்காது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

ஆலையிலிருந்து திரும்பி வரும் சக்கை

எத்தனால் கதையில் பலரும் கவனிக்காத ஒரு திருப்பம் இருக்கிறது. ஆலைக்குப் போகும் மக்காச்சோளம் முழுவதும் காணாமல் போவதில்லை. மாவுச்சத்து மட்டும்தான் எத்தனாலாகிறது. புரதம், கொழுப்பு, நார் எல்லாம் சக்கையாக மிஞ்சும். அதைக் காய வைத்தால் டி.டி.ஜி.எஸ். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 300 கிலோ கிடைக்கும், புரதம் 25 முதல் 30 சதவீதம். அரிசியிலிருந்து எடுத்தால் புரதம் 40 சதவீதத்துக்கும் மேல்.

ஆலைகள் பெருகியதும் இது மலிவாகக் குவிந்தது. தீவனத்தில் சோயா புண்ணாக்கின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது. உலகச் சந்தை விலைச் சரிவும் சேர்ந்துகொள்ள, 2024 அக்டோபரில் புது சோயா வந்தபோது மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர மண்டிகளில் விலை ஆதார விலையான ரூ.4,892-க்குக் கீழே போனது. கார் டேங்குக்காகப் போட்ட ஒரு திட்டம், மக்காச்சோள விவசாயிக்கு அந்த ஆண்டு நல்ல விலை கொடுத்தது, சோயா விவசாயியின் விலையைத் தட்டிப் பறித்தது. கோழிப் பண்ணைக்கு ஒரு கையில் பறித்து இன்னொரு கையில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது.

கொஞ்சம்தான். ஏனென்றால், மாவுச்சத்து போனதும் மிச்சமெல்லாம் ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தியாகிறது. புரதம் மட்டுமல்ல, அஃப்லடாக்சின் போன்ற பூஞ்சை நச்சும்தான். ஈரத்தோடு குவித்து வைத்த மக்காச்சோளத்தில் லேசாக இருந்த நச்சு, சக்கையில் மூன்று பங்காகி நிற்கும். கோழியின் ஈரலைப் பாதிக்கும், முட்டை குறையும், நோய் எதிர்ப்பு சக்தி போகும். அளவுக்கு மேல் சூட்டில் உலர்த்தினால் லைசினும் கருகிவிடும். நல்ல சரக்கு பொன் மஞ்சளாக இருக்கும், கருகியது அடர் பழுப்பாக. பெரிய நிறுவனங்களிடம் ஒவ்வொரு லோடையும் சோதிக்க லேப் இருக்கிறது. தீவனத்தைச் சொந்தமாக அரைத்துக்கொள்ளும் சிறு பண்ணையாளருக்குக் கண்ணும் மூக்கும்தான் லேப்.

அறுவடைக் காலத்தில் விலை இறங்கும்போது மொத்தமாக வாங்கி, ஈரத்தை 14 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, மாதக்கணக்கில் சேமிக்கக் குடோனும் முதலும் வேண்டும். அவை இருப்பவர் விலை ஏற்றத்தைத் தாண்டிவிடுவார். வாரா வாரம் கடனில் லோடு இறக்குபவருக்கு உச்ச விலைதான் எப்போதும்.

மருந்து விஷயத்தில் மாறிய காற்று

தீவனத்தில் சத்தமில்லாமல் நடந்த இன்னொரு மாற்றம், ஆன்டிபயாடிக் குறைப்பு. வேகமாக எடை கூட தீவனத்தில் கலந்துவந்த கொலிஸ்டின் மருந்தை, கால்நடை, கோழிகளுக்குப் பயன்படுத்த 2019 ஜூலையில் அரசு தடை செய்தது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அந்த இடத்தில் இப்போது புரோபயாடிக், கரிம அமிலங்கள், என்சைம்கள். இதில் பைட்டேஸ் என்ற என்சைம் கெட்டிக்காரத்தனமானது. தானியங்களில் கோழியால் செரிக்க முடியாமல் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை அது திறந்துவிடும். விலை கூடிய டை கால்சியம் பாஸ்பேட்டின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து என்ன?

2024-25-இல் மக்காச்சோள விளைச்சல் 434 லட்சம் டன்னாகக் கூடியது. உணவுக் கழக அரிசியும் மறுபடி எத்தனால் ஆலைகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதனால்தான் 2025 கடைசியில் விலை சரிந்தது. ஆனால், விலை விழுந்த அடுத்த பருவத்தில் விவசாயி வேறு பயிருக்கு மாறுவதும் இங்கே வழக்கம்தான். இந்தியாவில் ஒரு ஹெக்டேரில் சராசரியாக மூன்றரை டன் மக்காச்சோளம்தான் விளைகிறது. அமெரிக்காவில் 11 டன் அளவுக்கு. 2018-இல் நுழைந்த படைப்புழு வேறு இன்னும் விட்டபாடில்லை.

2026 பிப்ரவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் வெளியிட்ட கூட்டறிக்கையில், வரி குறைக்கப்படும் பொருட்களில் டி.டி.ஜி.எஸ்ஸும் தீவனத்துக்கான சிவப்புச் சோளமும் இருந்தன. அமெரிக்க மக்காச்சோளத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மரபணு மாற்றப்பட்டது. 2021-இல் சோயாவுக்குச் சொன்ன 'முளைக்காது' என்ற நியாயம் இதற்கும் பொருந்தும் என்பது ஒரு தரப்பு. அந்தச் சக்கை கப்பல் கப்பலாக வந்தால் சோயா மண்டியில் விலை இன்னும் எவ்வளவு இறங்கும் என்பது இந்தூர் பக்கத்து விவசாயியின் கேள்வி. நாமக்கல் பண்ணையாளரின் கேள்வி அதைவிடச் சின்னது: பிகார் மக்காச்சோளம் ஏப்ரல், மே மாதத்தில் அறுவடையாகி வரும்போது கிலோ என்ன விலைக்கு வந்து இறங்கும்?